மருத்துவமனையில் கூட்டுழைப்பு: அமைப்பியல் காட்டும் உண்மைகள்

(சங்கச் சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியமும் இசையும் நாடகமும் முழங்கும் இம்மேடையில் மருத்துவமனையைப் பற்றிப் பேசப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் நம் குடியிருப்பில் நோயைப் பற்றிய கவலை சிறிதும் இல்லாத வீடு எது? ஊரிலிருந்து வந்து மகனுடனோ மகளுடனோ தங்கியிருக்கும் முதியோர்க்கு இந்நகரத்து மொழி தெரியாது. பகலெல்லாம் அலுவலகத்தில் இருக்கும் பிள்ளைகட்குத் தாய் தந்தையர் உண்ணும் மருந்தின் பெயர் தெரியாது. இவ்விரண்டு அறியாமைகட்கும் இடையே ஒரு நோயாளி மருத்துவமனைக்குள் நுழைகிறார். மற்றொரு பக்கம், செவிலியராகவும் மருத்துவராகவும் சோதனைக்கூடப் பணியாளராகவும் மருந்தாளுநராகவும் பிற மாநிலங்களில் தொண்டாற்றும் தமிழர் பலர். அவர்களுட் சிலர் இவ்வவையிலும் அமர்ந்திருக்கலாம். ஆகவே இப்பொருள் நம் வீட்டுப் பொருளே.

முழங்கால் மூட்டு மாற்றிக்கொள்ளச் செல்லும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பெயர் பதிவோர், இரத்தம் எடுப்போர், எக்ஸ்-ரே எடுப்போர், இதயத்தைச் சோதிப்போர், மயக்க மருந்து தருவோர், அறுவை செய்வோர், கருவிகளை எடுத்துத் தருவோர், இரவுச் செவிலியர், பகற் செவிலியர், மருந்து வழங்குவோர், உணவு வகுப்போர், நடைபயிற்றுவோர், அறையைத் துப்புரவு செய்வோர் என்று எத்தனை கைகள்! இவர்களுள் ஒவ்வொருவரும் தத்தம் தொழிலில் வல்லவராகவே இருக்கலாம். எல்லாரும் வல்லவராக இருந்தும் நோயாளிக்குத் தீங்கு நேர்வது உண்டா? உண்டு. அது எவ்வாறு நேர்கிறது, எவ்வாறு தவிர்க்கப்படுகிறது என்பதை நிறுவனக் கோட்பாடு, அமைப்புக் கோட்பாடு என்னும் இரு துறைகளின் துணைகொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

குறை யாரிடம்?

சிகிச்சையில் தவறு நேர்ந்தவுடன், ‘யார் செய்த தவறு?’ என்று கேட்பது உலக வழக்கம். செவிலி மீது பழி. அன்றேல் மருத்துவர் மீது பழி. ஒருவரைத் தண்டித்துவிட்டால் நீதி கிடைத்துவிட்டதாக நாம் அமைதி கொள்கிறோம். ஆனால் அதே தவறு அடுத்த ஆண்டு வேறொருவர் கையால் மீண்டும் நேர்கிறது.

1999ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை ஒன்று உலகைத் திடுக்கிடச் செய்தது. அந்நாட்டு மருத்துவமனைகளில் மருத்துவப் பிழைகளால் ஆண்டொன்றுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக அது மதிப்பிட்டது. அதனினும் முதன்மையானது அவ்வறிக்கை கண்ட முடிவு: தீய மனிதர்களால் அன்று, நல்ல மனிதர்கள் பழுதுபட்ட அமைப்புகளில் பணிபுரிவதாலேயே பெரும்பாலான பிழைகள் விளைகின்றன என்பது அது.

பிரிட்டனைச் சேர்ந்த உளவியல் அறிஞர் ஜேம்ஸ் ரீசன் இதனை ஓர் உவமையால் விளக்கினார். பாலாடைக்கட்டியின் வில்லைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியது போன்றவை ஓர் அமைப்பின் காப்புகள். ஒவ்வொரு வில்லையிலும் சில துளைகள் உண்டு. ஒரு வில்லையின் துளை வழியே நுழையும் தவற்றை அடுத்த வில்லை தடுத்துவிடும். எல்லாத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும் நாளில்தான் கேடு நோயாளியைச் சென்று சேர்கிறது. கடைசி வில்லையின் அருகில் நின்றவரை மட்டும் பிடித்துத் தண்டித்தால், முன்னின்ற துளைகள் அடைபடா அன்றோ?

2005ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்று இன்று பல நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் பாடமாக உள்ளது. மூக்கின் உட்பகுதியில் எளிய அறுவைக்காக ஒரு பெண்மணி மயக்கமூட்டப்பட்டார். அவருடைய மூச்சுக் குழலில் காற்றுக் குழாயைச் செலுத்த இயலவில்லை. அனுபவம் மிக்க மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் முயன்றனர், காலம் ஓடியது. தொண்டையில் துளையிட்டு மூச்சு வழி அமைக்கும் கருவிகளை ஒரு செவிலி கொணர்ந்து, அவை ஆயத்தமாக இருப்பதைத் தெரிவித்தார். இன்னொரு செவிலி தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்து வந்து சொன்னார். மிகைப்படுத்துகிறாரோ என்னும் பார்வையே அவருக்கு மறுமொழியாகக் கிடைத்தது. படுக்கை வேண்டாமென்று அவரே திரும்பச் சொல்லிவிட்டார். அப்பெண்மணி 13 நாள்களுக்குப் பின் உயிர் நீத்தார்.

செய்ய வேண்டுவது இன்னதென்னும் அறிவு அவ்வறைக்குள்ளேயே இருந்தது. அதற்கான கருவியும் இருந்தது. செவிலியின் அறிவு மருத்துவரின் கைக்குச் செல்லும் வழிதான் இல்லை. இறந்தவரின் கணவர் ஒரு விமானி. வானூர்தித் துறையில் துணை விமானி தலைமை விமானியைத் தடுத்துப் பேசுதற்கெனத் தனிப் பயிற்சியே உண்டு. அப்பயிற்சி மருத்துவத்திற்கும் வேண்டும் என்று அவர் தொடங்கிய இயக்கம் பிரிட்டனில் பெரிய மாற்றங்களுக்கு வழிகோலியது.

அமைப்பு என்பது யாது?

ஆஸ்திரிய நாட்டில் பிறந்த உயிரியல் அறிஞர் லுட்விக் வான் பெர்த்தலான்ஃபி, உயிர்களை ஆராயும்போது ஓர் உண்மையை வற்புறுத்தினார். ஓர் உயிரைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் நன்கு அறிந்துவிட்டாலும், உயிரை அறிந்தவராக மாட்டோம். பகுதிகளுக்கு இடையேயுள்ள உறவுகளையும் அறிதல் வேண்டும். இக்கருத்தை எல்லாத் துறைகட்கும் பொதுவாக்கி, 1968இல் பொது அமைப்புக் கோட்பாடு பற்றிய நூலாக வெளியிட்டார். உயிருள்ள அமைப்பு திறந்த அமைப்பு, புறத்திலிருந்து பொருளையும் ஆற்றலையும் செய்தியையும் பெறுகிறது, மாற்றுகிறது, வெளியிடுகிறது, தன் செயலின் விளைவைத் தானே அறிந்து தன்னைத் திருத்திக்கொள்கிறது. செயலின் விளைவு மீண்டும் செய்தியாகத் திரும்பி வராத அமைப்பு, விரைவில் வழி தவறும்.

மருத்துவமனையும் அத்தகையதே. வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளி பத்தாம் நாள் வேறொரு மருத்துவமனையில் காய்ச்சலோடு சேர்ந்தால், முதல் மருத்துவமனைக்கு அச்செய்தி சென்று சேர்கிறதா? பெரும்பாலும் இல்லை. அறுவை செய்தவர் தம் பணி நன்கு முடிந்தது என்றே எண்ணியிருப்பார். அவர் திறமை குறைந்தவர் அல்லர். அவருக்குச் செய்தி திரும்பவில்லை, அவ்வளவே.

மூவகைச் சார்பு

நிறுவனங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் தாம்சன் 1967இல் வெளிவந்த தம் நூலில், ஒருவர் பணி மற்றவர் பணியைச் சார்ந்து நிற்கும் முறையை மூன்றாக வகுத்தார். நமக்குப் பழக்கமான காட்சிகளால் அவற்றை விளக்குவோம்.

முதலாவது பொதுமைச் சார்பு. நம் சங்கத்தில் நூலகமும் தமிழ் வகுப்பும் நாடகக் குழுவும் ஒரே கட்டடத்தையும் ஒரே நிதியையும் பகிர்ந்துகொள்கின்றன. மற்றபடி ஒன்றையொன்று எதிர்பாரா. இதற்குப் பொதுவான விதிகள் போதும். இரண்டாவது தொடர்ச் சார்பு. வீடு கட்டுமிடத்தில் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுகின்றனர். முன்னவர் தந்தால்தான் பின்னவர் வாங்கலாம். இதற்கு விதியோடு காலத் திட்டமும் வேண்டும். மூன்றாவது பரிமாற்றச் சார்பு. நாதசுவரக்காரரும் தவிற்காரரும் ஒருவரை ஒருவர் கேட்டுக் கணந்தோறும் தம்மை மாற்றிக்கொள்கின்றனர். இங்கே விதியும் திட்டமும் மட்டும் போதா. ஒருவர்க்கொருவர் செவி கொடுத்தல் வேண்டும்.

மருத்துவமனையில் இம்மூன்றும் உண்டு. எதற்கு எது பொருந்தும் என்று அறிந்து வகுப்பதே நிர்வாகத்தின் அறிவுடைமை. தொடர்ச் சார்பைச் செம்மையாக வகுத்ததற்கு உலகமே எடுத்துக்காட்டும் நிறுவனம் நம் மதுரையில் உள்ளது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அது. அங்கே சிற்றூர்ப் பெண்கள் இரண்டாண்டுப் பயிற்சி பெற்று, கண்ணைச் சோதித்தல், கண்ணாடி அளவு காணல், நோயாளியை அறுவைக்கு ஆயத்தம் செய்தல் முதலியவற்றைத் தாமே செய்கின்றனர். மருத்துவர் ஒரு மேசையில் அறுவை செய்யும் பொழுதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருக்கிறார். மருத்துவரின் காலம் மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய பணிக்குச் செல்கிறது. பணம் தருவோர்க்கும் தர இயலாதோர்க்கும் பார்வை கிட்டுகிறது. ஏழைக்குத் தரும் கொடைக்கு இரக்கம் மட்டும் போதாது, ஒழுங்கும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

ஆனால் கண்புரை அறுவையின் படிகளைப் பெரும்பாலும் முன்கூட்டி வகுத்துவிடலாம். நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் இதய நோயும் ஒருங்கே கொண்ட 75 வயது முதியவரின் மருத்துவம் அத்தகையதன்று. இங்கே ஒருவர் மாற்றும் மருந்து மற்றொருவர் மருந்தைக் கெடுக்கும். இது நாதசுவரமும் தவிலும் போன்ற பரிமாற்றச் சார்பு. இதனைச் செங்கல் கைமாற்றும் வரிசையாகக் கருதி, ஒவ்வொரு வல்லுநரும் தம் சீட்டை எழுதி அடுத்தவரிடம் அனுப்பிவிட்டால், பையில் பன்னிரண்டு மாத்திரைகளுடன் முதியவர் வீடு திரும்புவார். அவற்றை ஒருசேரப் பார்த்தவர் ஒருவரும் இரார்.

பிரித்தலின் விலை

1951இல் எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் என்னும் இருவர் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். பழைய முறையில் சிறு குழுவினர் ஒன்றாக இருந்து முழுப் பணியையும் செய்தனர். எந்திரங்கள் வந்தபின் பணி மூன்று முறைமாற்றங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு முறையினர் விட்டுச்சென்ற குறை அடுத்த முறையினர் தலையில் விழுந்தது. ஒருவரை ஒருவர் காணாமலே பழித்தனர். எந்திரம் சிறந்தது, ஆயினும் எதிர்பார்த்த பயன் விளையவில்லை. கருவியமைப்பும் மக்களுறவும் ஒருங்கே திட்டமிடப்பட வேண்டும் என்னும் கோட்பாடு அவ்வாய்விலிருந்து பிறந்தது.

மருத்துவமனையில் இரவுச் செவிலி பகற் செவிலியிடம் பொறுப்பை ஒப்படைக்கும் வேளையும் அச்சுரங்கத்தை ஒத்ததே. அவ்வேளையில் சொல்லாது விட்ட ஒரு சொல் உயிரை வாங்கக்கூடும். 2014இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 மருத்துவமனைகளில், இளம் மருத்துவர்கள் பொறுப்பை ஒப்படைக்கும் முறையை ஒழுங்குபடுத்திப் பயிற்சி தந்ததைக் குறிக்கிறது. அதன்பின் மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்தன. புதிய மருந்து எதுவும் தரப்படவில்லை. பேசும் முறை ஒன்றே திருந்தியது.

இசபெல் மென்சீஸ் என்னும் உளவியல் அறிஞர் 1960இல் லண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியர் பணியை ஆராய்ந்து எழுதினார். அங்கே ஒரு செவிலி ஒரு நோயாளியை முழுமையாகப் பேணாமல், பலர்க்கும் ஒரே சிறுபணியை மட்டும் செய்யுமாறு வேலை பிரிக்கப்பட்டிருந்தது. நோயாளியைப் பெயரால் சுட்டாமல் படுக்கை எண்ணாலோ நோயுற்ற உறுப்பாலோ சுட்டினர். இது கல்நெஞ்சின் விளைவன்று. நாள்தோறும் துன்பத்தையும் சாவையும் கண்ணுறும் மனம் தன்னைக் காத்துக்கொள்ள நிறுவனமே வகுத்துக்கொண்ட அரண் என்று அவர் கண்டார். ஆனால் அவ்வரண் செவிலியின் அச்சத்தைத் தணிக்கவுமில்லை. தொண்டில் கிட்டும் நிறைவையும் அவரிடமிருந்து பறித்துவிட்டது. செவிலியர் கடுமையாகப் பேசுகின்றனர் என்று குறைகூறும் நாம், அவர்களை அவ்வாறு ஆக்கும் அமைப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சொல்லத் துணிதல்

1967இல் லியோனார்ட் ஸ்டைன் என்னும் அமெரிக்க மருத்துவர், மருத்துவரும் செவிலியும் ஆடும் ‘ஆட்டம்’ ஒன்றை விவரித்தார். என்ன செய்ய வேண்டுமென்று செவிலிக்குத் தெரியும். எனினும் நேரே சொல்லலாகாது. அக்கருத்து மருத்துவருக்கே தோன்றியது போல ஒலிக்கும்படி குறிப்பாகச் சொல்ல வேண்டும். மாமியார் மனம் கோணாமல் கருத்துச் சொல்லக் கற்ற மருமகள்கட்கு இவ்வாட்டம் புதிதன்று. வீட்டில் இதனால் காலம் வீணாகும். மருத்துவமனையிலோ உயிரே போகும்.

ஏமி எட்மண்ட்சன் என்னும் பேராசிரியர் கண்ட முடிவு சிந்தனைக்குரியது. நல்ல குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என எதிர்பார்த்து அவர் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தார். 1996இல் வெளியான அவ்வாய்வில், நல்ல தலைமையும் நல்லுறவும் உள்ள குழுக்களிலேயே பிழைகள் மிகுதியாகப் பதிவாகி இருந்தன! அக்குழுக்கள் மிகுதியாகப் பிழை செய்தன என்பது இதன் பொருளன்று. அங்குள்ளோர் பிழையை மறையாது சொல்லத் துணிந்தனர் என்றே கொள்ள வேண்டும் என அவர் விளக்கினார். பிழையே பதிவாகாத மருத்துவமனையைக் கண்டு மகிழ்தல் கூடாது. அங்கே வாய்கள் மூடியிருக்கலாம்.

ஜோடி கிட்டெல் என்னும் ஆய்வாளர் அமெரிக்காவின் 9 மருத்துவமனைகளில் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டோரைப் பற்றி ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். பணியாளர்க்குப் பொதுவான குறிக்கோள், ஒருவர் பணியை மற்றவர் அறிந்திருத்தல், ஒருவரை ஒருவர் மதித்தல் ஆகிய மூன்றும், காலந்தவறாத பிழையற்ற பேச்சும் எங்கு மிகுதியோ, அங்கு நோயாளிகளின் வலி குறைந்தது. மருத்துவமனையில் தங்கும் நாள்களும் குறைந்தன. மதிப்பு என்பது வெறும் பண்பாட்டுச் சொல் அன்று. அளந்து காணத்தக்க மருந்தே என்பது இதனால் விளங்கும்.

ஒரு தாளின் கதை

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைப் பாதுகாப்புக்கென ஒரு பட்டியலை வெளியிட்டது. ஒரே தாள், 19 இனங்கள். மயக்கமூட்டுமுன், கத்தி வைக்குமுன், நோயாளி அறையைவிட்டு நீங்குமுன் என மூன்று வேளைகளில் அதனை உரக்கப் படித்துச் சரிபார்த்தல் வேண்டும். நோயாளி இவர்தாமா, அறுவை இவ்வுறுப்பில்தானா என்பவற்றோடு, அறையில் உள்ளோர் யாவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பதும் அதில் ஓர் இனம். ஒருமுறை தன் பெயரைச் சொல்லி வாய் திறந்தவர், இடர் வரும்போது மீண்டும் வாய் திறக்கத் துணிவார் என்பது அதன் உட்கருத்து.

டில்லி, லண்டன், சியாட்டில், டொரொண்டோ, மணிலா, அம்மான், ஆக்லாந்து, தான்சானியாவின் இஃபகாரா ஆகிய எட்டு இடங்களில் இது சோதிக்கப்பட்டது. 2009இல் வெளியான முடிவின்படி இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், பெருஞ் சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்தன.

கதை இத்துடன் முடியவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகள் அதே பட்டியலை மேற்கொண்டன. 2014இல் வெளியான ஆய்வில் அங்கே இறப்பிலும் சிக்கலிலும் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. தாள் ஒன்றே, விளைவு வேறு. காரணம் பற்றி அறிஞர்கள் பலவாறு வாதிடுவர். அமைப்பியல் நமக்குச் சொல்வது இது: ஒரு கருவியைப் பெயர்த்து நடலாம், அதற்கு உயிர் தரும் உறவைப் பெயர்த்து நட இயலாது. பேசாமலே குறியிட்டு நிரப்பிய தாள், வெறும் தாளே.

நம் நாட்டு நிலை

விடுதலைக்கு முன்னரே, 1943இல் அமைக்கப்பட்ட போர் குழு 1946இல் தந்த அறிக்கையில், சிற்றூர் மக்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பரிந்துரைத்தது. மருத்துவர், செவிலியர், மருத்துவத் தாதியர், சுகாதார ஆய்வாளர், மருந்தாளுநர் ஆகியோர் ஒரே நிலையத்திலிருந்து நோய் தீர்த்தலையும் நோய் தடுத்தலையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்பது அக்குழுவின் கனவு.

இன்று ஒரு சிற்றூரில் கருவுற்ற தாயின் வாயிலுக்கு மூவர் வருகின்றனர். துணைச் சுகாதார நிலையத்துச் செவிலி ஒருவர். 2005இல் தொடங்கிய திட்டத்தின் வழிவந்த ‘ஆஷா’ பணியாளர் ஒருவர். 1975இல் தொடங்கிய திட்டத்தின் அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர். முதலிருவரும் சுகாதாரத் துறையினர்; மூன்றாமவர் மகளிர் குழந்தைகள் நலத் துறையினர். மூவர் கையிலும் தனித்தனிப் பதிவேடுகள். தாய் ஒருத்தியே; அவளைக் காணும் அமைச்சகங்கள் இரண்டு. மூவரும் திங்கள்தோறும் ஒரு நாள் ஓரிடத்தில் கூடித் தம் பெயர்ப் பட்டியல்களை ஒப்பிட்டால், விடுபட்ட தாயும் தடுப்பூசி போடாத குழந்தையும் வெளிப்படுவர். கிராம சுகாதார ஊட்டச்சத்து நாள் என்னும் ஏற்பாடு இதற்கு வாய்ப்பளிக்கிறது. அது சடங்காகிவிடுவதும் பயனாவதும் அம்மூவரின் உறவைப் பொறுத்தவை.

கல்வியிலும் இப்பிரிவினை உண்டு. செவிலியர்க்கு 1947இலும் மருந்தாளுநர்க்கு 1948இலும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. சோதனைக்கூடப் பணியாளர், உடற்பயிற்சி மருத்துவர் முதலியோர்க்கு 2021இல்தான் தேசிய ஆணையச் சட்டம் வந்தது. தனித்தனிச் சட்டம், தனித்தனிக் கல்லூரி, தனித்தனிச் சீருடை. பயிலும் காலத்தில் ஒன்றாக அமராதவர்கள், நள்ளிரவில் ஒரு நோயாளியின் படுக்கையருகே திடீரென ஒரு குழுவாகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்! வெவ்வேறு தொழில் பயில்வோர் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்க வேண்டும் என 2010இல் உலக சுகாதார நிறுவனம் வற்புறுத்தியதன் காரணம் இதுவே.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். எல்லாவற்றையும் அமைப்பின் மேல் ஏற்றிவிட்டால் கடமை தவறியவர் தப்பிவிட மாட்டாரா? மாட்டார். அறிந்தே விதி மீறுபவரையும் குடித்துவிட்டுப் பணிக்கு வருபவரையும் எந்தக் கோட்பாடும் காவாது. அமைப்பியல் பொறுப்பைக் குறைப்பதில்லை, விரிக்கிறது. நாற்பது நோயாளிகளை ஒரு செவிலியிடம் விட்ட தலைமையும், ஒரே நிறப் புட்டிகளில் இரு வேறு மருந்துகளை அருகருகே அடுக்கியவரும் கூட விடை கூற வேண்டியவர்களே என்கிறது.

நோயாளியும் ஓர் உறுப்பு

திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறளை இங்கு நினைவு கூர்தல் தகும். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்று மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார் வள்ளுவர். சரக நூலும் இவ்வாறே நான்கு கால்களைச் சொல்லும். நோயாளியே முதற்கூறாக எண்ணப்பட்டிருப்பதைக் கருதுங்கள். உரை வகுத்த பரிமேலழகர், நோயாளிக்குரிய பண்புகளுள் ஒன்றாகத் தன் நோய்நிலையை உணர்த்துதலைக் கூறுகிறார். அருகிருந்து பேணுபவனுக்கோ அன்பும் தூய்மையும் சொல்லியது செய்தலும் போதா. அறிவும் வேண்டும் என்கிறார். செவிலி வெறும் ஏவலர் அல்லர். அறிவுடைய கூட்டாளி என்னும் கருத்து நம் உரை மரபிலேயே உள்ளது. கூறுகளை முன்னோர் எண்ணித் தந்தனர். கூறுகளுக்கு இடையேயுள்ள பாலங்களை ஆராயும் பணியை இன்றைய அமைப்பியல் மேற்கொண்டுள்ளது.

வீடும் இவ்வமைப்பின் உறுப்பே என்பதற்குச் சென்னையே சான்று. 1956இல் அங்குத் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம், நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுப்பதையும் வீட்டிலேயே கொடுப்பதையும் ஒப்பிட்டது. 1959இல் வெளியான முடிவு, வீட்டு மருத்துவமும் ஏறத்தாழ அதே பயன் தரும் என்று காட்டியது. வீடுகட்குச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்த சுகாதாரப் பணியாளர்களும், ஒத்துழைத்த குடும்பத்தாரும் இல்லையேல் அவ்வெற்றி இல்லை. உலகெங்கும் காசநோயாளிகள் சானடோரியம் செல்லாமலே நலம் பெற வழி திறந்தது இவ்வாய்வு.

நாம் செய்யக்கூடியவை

எனவே நாமும் வெறும் பார்வையாளர் அல்லோம். வீட்டிலுள்ள முதியோர் ஒவ்வொருவர்க்கும் ஒரே தாளில் அவர் உண்ணும் மருந்துகள், அளவு, வேளை, ஒவ்வாத மருந்து, முன்பு செய்த அறுவை ஆகியவற்றை எழுதி வைப்போம். எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதனைக் காட்டுவோம். மருத்துவமனையில் குடும்பத்தின் சார்பில் ஒருவரே பேசுவது நன்று. ஆறு பேர் ஆறு விதமாகக் கேட்டால் செய்தி சிதறும். வீடு திரும்பும் நாளில் மூன்று வினாக்களைத் தவறாது கேட்போம்: எந்த மருந்தை நிறுத்துவது, எந்த அறிகுறி கண்டால் திரும்பி வருவது, வந்தால் யாரைக் காண்பது? செவிலியரையும் பணியாளரையும் பெயர் கேட்டு, பெயர் சொல்லி அழைப்போம்.

சங்கத்திற்கும் ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினருள் மருத்துவத் தொண்டில் உள்ளோர் பலதுறையினர். ஆண்டுக்கு ஒரு நாளேனும் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், சோதனைக்கூடப் பணியாளர் ஆகியோர் மேல் கீழ் என்னும் வேறுபாடின்றி ஒரே வரிசையில் அமர்ந்து, ஒருவர் பணியில் மற்றவர் அறியாததைக் கேட்டறியும் கூட்டம் ஒன்றைச் சங்கம் நடத்தலாம். மொழி தெரியாத முதியோர்க்கு மருத்துவமனையில் துணை நின்று, அவர் சொல்வதைக் கூட்டாமலும் குறைக்காமலும் மொழிபெயர்க்கும் தொண்டர் சிலரைப் பயிற்றலாம். ‘நெஞ்சைக் கரிக்கிறது’, ‘நெஞ்சை அடைக்கிறது’ என்னும் இரண்டையும் ‘நெஞ்சு வலி’ என்று ஒன்றாக்கி மொழிபெயர்த்தால் மருத்துவர் எங்ஙனம் நோயை வேறு பிரித்தறிவார்? தமிழ் அறிந்தோரின் தமிழ்ப்பணி இத்தகைய இடத்திலும் தேவைப்படுகிறது.

ஊர் கூடித் தேர் இழுத்தல் நம் மரபு. ஆனால் தேர் இழுப்போர் யாவரும் ஒரே வடத்தை ஒரே திசையில் இழுப்பர். மருத்துவமனையிலோ வடங்கள் பல. இழுப்போரின் மொழிகளும் பல. தேரில் இருப்பவரோ நம் அன்னையும் தந்தையும் மக்களும். ஆகவே ஒருவர் குரல் மற்றவர்க்குக் கேட்க வேண்டும். மிகச் சிறிய குரலும் கேட்க வேண்டும். அதற்கு வழி செய்யும் அமைப்பைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. அதில் நம் பங்கை ஆற்றுவது நம் கடமை.